"இலவசம்" என்று மட்டும் எழுதி வைத்த விரிதாள்: ஒரு மென்பொருள் உரிமச் சிக்கலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

எட்டுப் பேர் கொண்ட சிறு குழு எங்களுடையது. விரிவுரைப் பதிவுகளில் பேச்சில்லாத இடங்களை வெட்டி, காணொளியைச் சுருக்கி, பேச்சின் எழுத்துவடிவத்தைப் பிடிஎஃப் கோப்பாகத் தரும் மென்பொருளைச் செய்கிறோம். அதில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, பயனர் தன் கணினியில் நிறுவிக்கொள்ளும் செயலி. மற்றது, எங்கள் சர்வரில் ஓடும் இணையச் சேவை. செயலியின் மூலநிரலை (நிரலாளர்கள் எழுதிய வரிகளை) நாங்கள் வெளியிடுவதில்லை. அதை நிறுவனங்களுக்கு விற்கிறோம். ஒவ்வொரு வெளியீட்டையும் பில்ட் செய்து, அதாவது மூலநிரலைக் கணினியில் ஓடும் கோப்பாக மாற்றி, அனுப்புவது என் வேலை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை என் கை வழியாகப் போனவைதான்.

வெளியாரிடமிருந்து எடுத்த மென்பொருள்களுக்கென்று ஒரு விரிதாள் வைத்திருந்தோம். அதன் கடைசிப் பத்தியின் தலைப்பு "உரிமம்". அந்தப் பத்தியில் இருந்தவை இரண்டே சொற்கள்: "கட்டணம்", "இலவசம்". கட்டணம் என்றிருந்தவற்றை ஆண்டுதோறும் யாராவது நினைவாகப் புதுப்பித்தோம். இலவசம் என்றிருந்தவற்றை ஒருமுறை எழுதியதோடு சரி, அதன்பின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கேள்வி வந்த விதம்

ஒரு பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு பட்டியல் கேட்டார். பொருளுக்குள் இருக்கும் ஒவ்வொரு வெளிக்கூறின் பெயர், பதிப்பு எண், உரிமம் ஆகியவை வேண்டும், அதுவும் எஸ்பிடிஎக்ஸ் வடிவில் வேண்டும் என்றார். மென்பொருள் உட்கூறுகளைப் பட்டியலிட உலகெங்கும் பயன்படும் வடிவம் அது. 2021-இல் ஐஎஸ்ஓ தரமாகவே ஏற்கப்பட்டது. கெடு மூன்று வாரம்.

"எல்லாம் ஓப்பன் சோர்ஸ்தானே, அரை நாள்ல அனுப்பிடலாம்" என்றார் எங்கள் மூத்த நிரலாளர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் வாரம்: பட்டியல் எடுத்தல்

விரிதாளில் 31 பெயர்கள் இருந்தன. சார்புகளை, அதாவது எங்கள் நிரல் நம்பியிருக்கும் வெளிக்கூறுகளை, தோண்டி எடுக்கும் கருவியை ஓட்டியபோது நானூற்றுக்கும் மேல் வந்தன. நாங்கள் ஒரு லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பை, சேர்த்தால் அது பத்தைக் கூட்டி வருகிறது, அந்தப் பத்தும் தலைக்கு இரண்டைக் கூட்டி வருகின்றன. வாடிக்கையாளரிடம் போகும் பொட்டலத்திலோ எங்கள் சர்வரிலோ அத்தனையும் இருக்கின்றன. அத்தனைக்கும் தனித்தனியே ஓர் ஆசிரியரும் ஓர் உரிமமும் உண்டு.

பட்டியல் வந்ததும் முதலில் கிளம்பியது தேவையற்ற பீதி. ஜிபிஎல் என்பது, தன் கீழ் உள்ள நிரலைச் சேர்த்துச் செய்த பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும் கொடுக்கச் சொல்லும் உரிமம். "ஜிசிசி கம்பைலர் ஜிபிஎல். அப்படியானால் நம் செயலியும் ஜிபிஎல் ஆகிவிட்டதா?" என்று ஒருவர் கேட்டார். சர்வரில் ஓடும் லினக்ஸ் கர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஜிபிஎல்தானே என்றார் இன்னொருவர். அரை நாள் இதிலேயே போனது. கம்பைலர் என்பது மூலநிரலை ஓடும் நிரலாக்கும் கருவி; அதை வைத்து உருவாக்கிய நிரலை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது. செயலிக்குள் ஒட்டிக்கொண்டு வரும் ஜிசிசியின் இயக்கநேர லைப்ரரிகளுக்கென்றே ஒரு விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கர்னலை எங்கள் சர்வரில் ஓட்டுகிறோம், யாருக்கும் கொடுப்பதில்லை. ஜிபிஎல் உரிமத்தின் கடமைகள் மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போதுதான் தொடங்குகின்றன. சொந்தமாக ஓட்டுவதற்கு அது எந்த நிபந்தனையும் போடுவதில்லை.

நாங்கள் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது இந்தப் பீதியில்தான் புரிந்தது. இது இலவசமா என்று பார்ப்பதில் பயனில்லை. இதை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஒரே லைப்ரரி, ஒரே உரிமம். எங்கள் கணினியிலேயே இருந்தால் ஒரு கதை, வாடிக்கையாளர் கைக்குப் போனால் வேறு கதை, சர்வரில் இருந்தபடி இணையம் வழியே பயன்பட்டால் மூன்றாவது கதை. விரிதாளில் அந்த "இலவசம்" பத்தியை அழித்துவிட்டு இரண்டு புதுப் பத்திகளைப் போட்டோம்: எந்த உரிமம், எங்கே போகிறது.

உரிமங்களைப் பிரித்த விதம்

மிகப் பெரிய கும்பல் தளர்வான உரிமங்கள்: எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0. மூடிய பொருளுக்குள் வைத்து விற்கலாம். பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே கொடுக்க வேண்டும். 2004-இல் வந்த அப்பாச்சி 2.0 கூடுதலாகப் பேட்டன்ட் அனுமதியையும் எழுத்தில் தருகிறது. யாராவது அந்த மென்பொருள் தன் பேட்டன்ட்டை மீறுகிறது என்று வழக்குப் போட்டால், அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதி போய்விடும்.

அடுத்தது காப்பிலெஃப்ட். எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய். ஆனால் உனக்குக் கிடைத்த உரிமைகளை அடுத்தவருக்கும் கொடு என்பது அதன் சாரம். இதில் பல படிகள் உண்டு. எம்பிஎல் கோப்பு அளவில் நிற்கும்: அந்தக் கோப்புகளின் மூலநிரலை, அவற்றில் செய்த மாற்றங்களோடு, கொடுத்தால் போதும். எல்ஜிபிஎல் லைப்ரரி அளவில் நிற்கும்: மூடிய செயலி அதைப் பயன்படுத்தலாம், ஆனால் பயனர் அந்த லைப்ரரியைத் தானே மாற்றி, மாற்றியதைச் செயலியோடு சேர்த்து ஓட்ட வழி இருக்க வேண்டும். ஜிபிஎல் முழுப் படைப்பையும் தொடும். 1991-இன் இரண்டாம் பதிப்பும் 2007-இன் மூன்றாம் பதிப்பும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஏஜிபிஎல், சர்வரில் வைத்துச் சேவையாகத் தந்தாலும் விடாது.

இவற்றுக்கு இரு பக்கமும் வேறு வகைகள் இருக்கின்றன. எஸ்கியூலைட் தரவுத்தளம் போல, பதிப்புரிமையே வேண்டாம் என்று பொதுவில் விடப்பட்டவை ஒரு பக்கம். அவற்றுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. மறுபக்கம் தனியுரிம மென்பொருள்கள்: எத்தனை பேர், எத்தனை கணினி, என்ன நோக்கம் என்று ஒப்பந்தம் எழுதியதே சட்டம். கடைசியாக, எங்கள் கணக்கில் வராமலே இருந்த ஒரு வகை: உரிமம் என்று எதுவுமே எழுதப்படாதவை.

இரண்டாம் வாரம்: காணொளி லைப்ரரி

செயலியின் உயிரே காணொளியையும் ஒலியையும் கையாளும் எஃப்எஃப்எம்பெக் லைப்ரரிகள்தான். விரிதாளில் அதற்கு நேரே "இலவசம்" என்று இருந்தது. மூத்த நிரலாளரின் நினைவில் "எல்ஜிபிஎல், பிரச்சினை இல்லை" என்று இருந்தது. அவர் சொன்னது தவறில்லை. எஃப்எஃப்எம்பெக்கின் பெரும்பகுதி எல்ஜிபிஎல் 2.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பின் கீழ்தான் வருகிறது. ஆனால் பில்ட் செய்யும்போது "எனேபிள் ஜிபிஎல்" என்ற தேர்வைச் சேர்த்துவிட்டால், வெளிவரும் மொத்த லைப்ரரியும் ஜிபிஎல் ஆகிவிடும்.

நாங்கள் அதைச் சொந்தமாக பில்ட் செய்யவில்லை. யாரோ தயாராக வைத்திருந்ததை இறக்கிச் சேர்த்திருந்தோம். அன்று மாலை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) எஃப்எஃப்எம்பெக் கட்டளையை வெறுமனே ஓட்டிப் பார்த்தேன். எஃப்எஃப்எம்பெக் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தலைப்பகுதியில் தன் பதிப்பையும் தான் பில்ட் ஆன விதத்தையும் அச்சிடும். ஆயிரம் முறையாவது பார்த்திருப்பேன். என் கண் எப்போதும் அதைத் தாண்டி கீழே பிழைச் செய்தியைத்தான் தேடும். இந்தமுறை நின்று படித்தேன். இரண்டாவது தேர்விலேயே எனேபிள் ஜிபிஎல் இருந்தது. சற்றுத் தள்ளி எக்ஸ்264 இருந்தது. ஹெச்.264 வடிவில் காணொளியைக் குறியேற்றும் எக்ஸ்264, ஜிபிஎல் உரிமம் கொண்டது. காசு கொடுத்து வணிக உரிமமும் வாங்கலாம். நாங்கள் வாங்கியிருக்கவில்லை.

அதாவது ஜிபிஎல் லைப்ரரியை எங்கள் மூடிய செயலியோடு இணைத்து வாடிக்கையாளர்களுக்கு விற்று வந்திருக்கிறோம். உரிமத்தின்படி பார்த்தால், ஒன்று செயலியின் மூலநிரல் முழுவதையும் ஜிபிஎல்லின் கீழ் கொடுத்திருக்க வேண்டும், அல்லது இதைச் சேர்த்திருக்கவே கூடாது.

அன்றைய கூட்டத்தில் விற்பனையைப் பார்ப்பவர் கேட்டார்: "இலவசமா கொடுத்ததுக்கு யாருங்க கேஸ் போடப் போறாங்க?" பலர் மனதில் இருக்கும் கேள்வி இது. 2004-இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஜிபிஎல் செல்லும் என்று தடையுத்தரவு கொடுத்தது. 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மாதிரி ரயில்களை இயக்கும் ஒரு திறமூல மென்பொருள் பற்றிய வழக்கில், இலவசமாகத் தரப்பட்ட உரிமமாக இருந்தாலும் அதன் நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகலாம் என்றது. இதைச் சொன்னதும் கூட்டம் அமைதியானது. ஆனால் வழக்கு வருமா வராதா என்பதை வைத்து முடிவெடுக்க எனக்கு மனமில்லை. யாரோ பல ஆண்டுகள் உழைத்து எழுதி, இன்ன நிபந்தனையில் எடுத்துக்கொள் என்று தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. மூத்த நிரலாளரும் அதையே சொன்னார்.

எடுத்த முடிவும் காரணமும்

நான்கு வழிகள் இருந்தன. முதலாவது, செயலியையே திறந்துவிடுவது. விற்று வாழும் குழு இதற்குத் தயாராக இல்லை. இரண்டாவது, எக்ஸ்264-க்கு வணிக உரிமம் வாங்குவது. பேசி முடிக்க எவ்வளவு நாளாகும் என்று தெரியாது, எங்களிடம் இருந்ததோ பத்து நாள். மூன்றாவது, எஃப்எஃப்எம்பெக்கைத் தனி நிரலாக ஓட்டி, எங்கள் செயலி அதைக் கட்டளை கொடுத்து அழைப்பது. இரண்டும் தனித்தனிப் படைப்புகளாக நின்றால் ஜிபிஎல் எங்கள் நிரலுக்குள் வராது. எஃப்எஃப்எம்பெக்கின் மூலநிரலை மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் எங்கள் நிரல் அதன் உள்ளமைப்புகளோடு மிக நெருக்கமாகப் பேசியது. பிரித்து எழுத ஒரு மாதம் பிடித்திருக்கும். பெயருக்குப் பிரித்துவிட்டு உள்ளே ஒட்டியே வைத்திருப்பது நேர்மையான வழியாகவும் படவில்லை.

நான்காவதைத் தேர்ந்தோம்: எஃப்எஃப்எம்பெக்கை ஜிபிஎல் இல்லாமல் நாங்களே பில்ட் செய்வது, குறியேற்றத்துக்கு எக்ஸ்264-க்குப் பதில் சிஸ்கோவின் ஓப்பன்ஹெச்264. அது பிஎஸ்டி உரிமம். இங்கேயும் ஒரு நுணுக்கம் இருந்தது. நிரலின் உரிமம் வேறு, ஹெச்.264 மீதான பேட்டன்ட் வேறு. சிஸ்கோ தானே தொகுத்துத் தரும் கோப்பைப் பயனரின் கணினி நேரடியாகச் சிஸ்கோவிடமிருந்து இறக்கினால்தான் பேட்டன்ட் கட்டணத்தை அந்த நிறுவனம் ஏற்கிறது; நாங்கள் எங்கள் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பினால் ஏற்பதில்லை. அதனால் நிறுவும்போது அது தனியே இறங்கும்படி நிறுவியை மாற்றினோம்.

எல்ஜிபிஎல் கடமைகளும் பாக்கி இருந்தன. லைப்ரரிகளைத் தனிக் கோப்புகளாக, இயங்கும்போது இணையும்படி வைத்தோம். நாங்கள் பில்ட் செய்த அதே மூலநிரலையும் தேர்வுகளையும் பதிவிறக்கப் பக்கத்தில் போட்டோம். எங்கள் பயனர் ஒப்பந்தத்தில் "பின்னோக்கிப் பிரித்துப் பார்க்கக் கூடாது" என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி இருந்தது. லைப்ரரியை மாற்றிப் பயன்படுத்துவதற்கும், அந்த மாற்றத்தில் வரும் பிழையைக் கண்டுபிடிப்பதற்கும் அப்படிப் பிரித்துப் பார்க்க எல்ஜிபிஎல் இடம் கேட்கிறது. அந்த வரியைத் திருத்தினோம்.

பிடிஎஃப் லைப்ரரி

சர்வரில் பிடிஎஃப் உருவாக்க ஐடெக்ஸ்ட் லைப்ரரி இருந்தது. தான் முன்பு வேலை செய்த இடத்தில் இதைப் பயன்படுத்தியதாகவும் அது எல்ஜிபிஎல்தான் என்றும் மூத்த நிரலாளர் உறுதியாகச் சொன்னார். இந்தமுறையும் அவர் நினைவு சரிதான், பதிப்புதான் வேறு. ஐடெக்ஸ்ட் பழைய பதிப்புகளில் எல்ஜிபிஎல், எம்பிஎல் உரிமங்களின் கீழ் இருந்தது. 2009-இல் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஏஜிபிஎல் ஆனது. வேண்டாதவர்கள் வணிக உரிமம் வாங்கலாம். நாங்கள் எடுத்தது புதிய பதிப்பு.

"சர்வர்லதானே இருக்கு, யாருக்கும் கொடுக்கலையே" என்றார் ஒருவர். கர்னல் விஷயத்தில் நாங்களே சொன்ன வாதம் அது. ஜிபிஎல் என்றால் சரியாகியிருக்கும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2007 நவம்பரில் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. மாற்றிய நிரலை வலை வழியே ஒருவர் பயன்படுத்தினால் அவருக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும் என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. "நாம் அதை மாற்றவில்லையே" என்று அடுத்த வாதம் வந்தது. எங்கள் நிரலோடு சேர்த்து ஒரே படைப்பாக்கியதே மாற்றம்தான் என்று உரிமையாளர் சொல்ல இடமிருக்கிறது என்றார் நாங்கள் ஆலோசித்த வழக்கறிஞர். வாதாடிப் பார்க்கலாம்தான், ஆனால் அந்த வாதத்தின் மேல் ஒரு பொருளை நிறுத்தி வைக்க முடியாது. பழைய ஐடெக்ஸ்டிலிருந்து கிளைத்த ஓப்பன்பிடிஎஃப் இன்றும் எல்ஜிபிஎல், எம்பிஎல் உரிமங்களில் கிடைக்கிறது. அதற்கு மாறினோம். நான்கு நாள் வேலை. அதில் இரண்டு நாள் பக்க எண்கள் இடம் மாறி விழுந்ததைச் சரிசெய்யப் போனது.

உரிமமே இல்லாத கோப்பு

மிகச் சிறியது இதுதான், என்னை அதிகம் உறுத்தியதும் இதுதான். பேச்சில்லாத இடங்களைக் கண்டுபிடிக்கும் 140 வரிக் கோப்பு ஒன்று எங்கள் நிரலில் இருந்தது. தலைப்பில் ஒரு குறிப்பு: "இங்கிருந்து எடுத்தது", பக்கத்தில் ஒரு முகவரி. போய்ப் பார்த்தால் யாரோ ஒருவர் பொதுவில் போட்ட நிரல் களஞ்சியம். உரிமக் கோப்பு இல்லை, நிரலின் தலையிலும் ஒரு வரி இல்லை.

பொதுவில் இருக்கிறது, அதனால் எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறோம். உண்மை நேர் எதிர். பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் ஒரு படைப்பு எழுதப்பட்ட கணமே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிய வேண்டாம், குறிப்புப் போட வேண்டாம். உரிமம் கொடுக்கப்படாதவரை எல்லா உரிமையும் எழுதியவருக்கே. எல்லோரும் பயந்த ஜிபிஎல்கூட நிபந்தனையோடு அனுமதி தருகிறது. இங்கே அனுமதியே இல்லை.

எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். எந்தக் கோப்பு, எதற்குப் பயன்படுத்தினோம், அனுமதி கேட்காமல் எடுத்ததற்கு மன்னிப்பு என்று ஒளிக்காமல் எழுதினோம். ஒரு வாரம் பதில் இல்லை. அந்தக் கோப்பைப் பார்த்தே இராத இளைய நிரலாளர் ஒருவரிடம் என்ன உள்ளீடு, என்ன வெளியீடு என்று மட்டும் சொல்லிப் புதிதாக எழுதச் சொன்னோம். இரண்டு நாளில் முடித்தார்.

சில்லறையாகக் கிடந்தவை

மேலே சொன்ன மூன்றும் இல்லாவிட்டாலும் நாங்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் உரிமத்தை மீறிக்கொண்டுதான் இருந்திருப்போம். எம்ஐடி கேட்பது ஒன்றே ஒன்று: என் குறிப்பைக் கூட வை. அதை ஒரு லைப்ரரிக்குக்கூடச் செய்யவில்லை. கருவியை வைத்து எல்லா உரிம வாசகங்களையும் திரட்டி, அப்பாச்சி கூறுகளோடு வந்த நோட்டீஸ் கோப்புகளையும் சேர்த்து, செயலியின் "பற்றி" பக்கத்தில் வைத்தோம்.

எழுத்துரு ஒன்று தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்றிருந்தது. திறந்த எழுத்துரு உரிமத்தில் இருந்த வேறொன்றை வைத்தோம். ஐகான்கள் சில வணிகத்துக்குக் கூடாது என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தன, நீக்கினோம்.

பின்விளைவு

பட்டியலைக் கெடுவுக்கு இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தோம். பழைய வெளியீடுகளில் என்ன இருந்தது, எதை மாற்றினோம் என்பதை ஒரு பக்கக் குறிப்பாகச் சேர்த்தோம். மறைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. பழைய பதிப்பு எங்கள் மற்ற வாடிக்கையாளர்களின் கணினியிலேயே இருக்கும்போது மறைப்பதில் பொருளில்லை. வாடிக்கையாளரின் தொழில்நுட்பக் குழு அந்தக் குறிப்பைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானது.

பழைய வெளியீடுகளைப் பதிவிறக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, எல்லா வாடிக்கையாளர்களையும் புதியதற்கு மாற்றினோம். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி மீறல் நடந்தால் உரிமம் தானாகவே ரத்தாகும். மூன்றாம் பதிப்பின் 8-ஆம் பிரிவு கொஞ்சம் இரக்கமுள்ளது: மீறலை முற்றிலும் நிறுத்தி, 60 நாளுக்குள் உரிமையாளரிடமிருந்து அறிவிப்பு வராவிட்டால் உரிமம் நிலையாகத் திரும்பிவிடும். எக்ஸ்264 "இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது" என்று வழங்கப்படுவதால் மூன்றாம் பதிப்பின் வாசகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கறிஞரின் கருத்து. "அல்லது அதற்குப் பிந்தையது" என்ற அந்தச் சிறு சொற்றொடர் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது அப்போதுதான் தெரிந்தது. 60 நாள் எந்த அறிவிப்பும் இன்றிக் கழிந்தது.

140 வரிக் கோப்பை எழுதியவரின் பதில் ஐந்தாம் வாரம் வந்தது. உரிமம் போட வேண்டும் என்பதே தனக்குத் தோன்றவில்லை, இப்போது எம்ஐடி போட்டுவிட்டேன், தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று எழுதியிருந்தார். நாங்கள் புதிதாக எழுதியதையே வைத்துக்கொண்டோம். அவருடைய அணுகுமுறையிலிருந்து தொடங்கியதற்காக அவர் பெயரை, அவர் அனுமதியோடு, நன்றிப் பக்கத்தில் சேர்த்தோம்.

மாற்றியவை

சார்பு ஒன்றைச் சேர்ப்பவர் அதே மாற்றத்தில் அதன் எஸ்பிடிஎக்ஸ் அடையாளத்தையும் எங்கே போகிறது என்பதையும் எழுத வேண்டும்; இல்லாவிட்டால் மறுஆய்வில் அது நிற்கும். தயாராக பில்ட் செய்யப்பட்ட கோப்புகளை இனி இறக்குவதில்லை. செயலிக்கும் சர்வருக்கும் தனித்தனி அனுமதிப் பட்டியல் வைத்திருக்கிறோம்: ஜிபிஎல் செயலியில் கூடாது, சர்வரில் பரவாயில்லை, ஏஜிபிஎல் என்றால் இரண்டிலும் நிறுத்திப் பேச வேண்டும்.

இன்னொரு முறை செய்தால் முதலில் மாற்றுவது வரிசையை. முதல் வாரம் முழுவதும் நானூறு பெயர்களோடு அகர வரிசையில் மல்லாடினோம். வாடிக்கையாளர் கைக்குப் போகும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்கியிருந்தால் எஃப்எஃப்எம்பெக் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். வழக்கறிஞரிடமும் இரண்டாம் வாரக் கடைசியில்தான் போனோம், அதுவும் தாமதம்.

உரிமத்தை ஒவ்வொரு பதிப்புக்கும் சரிபார்க்கிறோம். சர்வர் வசதிகளை நிரல் மூலம் அமைக்கும் டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டில் எம்பிஎல்லை விட்டு, வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்குப் போனது. ரெடிஸ் தரவுத்தளம் 2024 மார்ச்சில் பிஎஸ்டியை விட்டது, 2025-இல் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. பழைய பதிப்பு பழைய உரிமத்திலேயே இருக்கும்; புதுப்பிக்கும் நொடியில் நாம் வேறு ஒப்பந்தத்துக்குள் போகிறோம்.

நான்கு மாதம் கழித்து ஒரு சாதாரணப் புதுப்பிப்பின்போது உரிமச் சரிபார்ப்பில் தேறாமல் பில்ட் சிவப்பாக நின்றது. சர்வரில் இருக்கும் சிறிய பேக்கேஜ் ஒன்றின் உரிமம் பதிப்பு எண்ணோடு சேர்ந்து மாறியிருந்தது. அந்தப் பேக்கேஜைப் பழைய பதிப்பிலேயே நிறுத்திவிட்டு, மாற்று ஒன்றைத் தேடும் வேலையை அதே இளைய நிரலாளர் எடுத்துக்கொண்டார்.